மங்கிய கோடு

என் அக்கா பதினொரு வருடங்களாக ஒரே ஓர் உலோகத்துக்குக் கணக்குப் போட்டாள். அதைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. பழைய குண்டு பல்புக்குள் இழையாக இருக்குமே, அந்த டங்ஸ்டன்தான். வீட்டில் பல்பு போய்விட்டால் மட்டும், "பாவம், என் ஆளு" என்று கழற்றிக் குப்பையில் போடுவாள். அதோடு உறவு முடிந்தது.

அவள் வேலை பார்த்த நிறுவனத்தில், லாரி டயர் வடிவத்தில் ஒரு பெரிய எஃகுக் கலம் இருந்தது. அதற்குள் வாயுவைக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டில் வாயு வாயுவாக இருக்காது, பிளாஸ்மா ஆகிவிடும். கலத்தின் உட்சுவர் டங்ஸ்டன் தகடு. அதிலிருந்து அணுக்கள் உதிர்ந்து பிளாஸ்மாவுக்குள் போகும். போனதும் தம் எழுபத்துநான்கு எலக்ட்ரான்களில் நாற்பது, ஐம்பதைப் பறிகொடுத்துவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சூட்டையெல்லாம் ஒளியாக வெளியே வாரி இறைக்கும். கொஞ்சம் அதிகமானாலும் பிளாஸ்மா அணைந்துவிடும்.

எவ்வளவு உதிர்ந்தது என்று உள்ளே கைவிட்டு எடுத்து நிறுத்துப் பார்க்க முடியாது. வெளியே வரும் ஒளியைப் பிரித்து, அதில் ஒரு கோடு எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கும், ஓர் அயனி எவ்வளவு பிரகாசிக்க வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். அந்த யாராவதுதான் அக்கா. முப்பதில் தொடங்கி ஐம்பத்தேழு வரை எலக்ட்ரான்களை இழந்த டங்ஸ்டன், ஒன்றிலிருந்து இன்னொன்றாக மொத்தம் இருபத்தெட்டு அயனிகள். பத்தொன்பதை முடித்திருந்தாள். ஒன்பது பாக்கி. உலகத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். இந்த இடத்தில் வேலை போனால் வேறு இடத்தில் கதவைத் தட்டலாம் என்ற பேச்சே கிடையாது. வேறு கதவு இல்லை.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பட்டியல் மேடம். எதைக் கேட்டாலும் "பட்டியல்ல இருக்கு, பாருங்க" என்பாள். அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது. அது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எட்டாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்தின் கடைசியில் போட்டிருந்த விடை ஒன்று தவறு என்று கண்டுபிடித்துப் பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டாள். பதில் வரவில்லை. மூன்று வருடம் கழித்து அதே புத்தகம் புதிய அட்டையுடன் என் கைக்கு வந்தது. வாங்கியதும் அவள் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினாள். அதே தவறான விடை.

"தப்பான நம்பருக்கு ஆயுசு கெட்டி" என்றாள். அன்று அவள் அழுததை நான் மறக்கவில்லை. புத்தக விடைக்காக அழுகிற பெண்ணை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒற்றைப் பையோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் தலைமுடியில் பென்சில் செருகியிருந்தது. அதை எடுக்காமலே கதவைத் திறந்தாள்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல."

"நல்லது. எனக்கும் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்னன்னு தெரியல. உள்ள வா."

அத்தான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "வாம்மா ஊர்சுத்தி. உங்க அக்காகிட்ட எட்டு மாசமா நான் பேசிட்டிருக்கேன், அவ டங்ஸ்டன்கிட்ட பேசிட்டிருக்கா. இனிமே நீ என்கிட்ட பேசு."

வெள்ளிக்கிழமை ஒரு குழு வரப் போகிறது என்று அவர்தான் சொன்னார். அவர்கள் இரண்டு விஷயங்களை முடிவு செய்வார்கள். அக்காவின் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பதா. கலத்தின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும், ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்துக்கொள்பவரை வீட்டுக்கு அனுப்புவதா. இரண்டும் ஒரே கோட்டில் தொங்கின.

அந்தக் கோட்டை அக்கா கணக்கிட்டு வெளியிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டியலின்படி அது பளிச்சென்று இருக்க வேண்டும். எட்டு மாதம் முன்பு கருவிக்காரர் முதல்முறை அதைப் பார்த்தபோது மங்கலாக இருந்தது. கோடு மங்கல் என்றால் டங்ஸ்டன் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் பிளாஸ்மா திரும்பத் திரும்ப அணைந்தது. உலோகம் குறைவாக இருந்தால் ஏன் அணைய வேண்டும்? பட்டியலை யாரும் சந்தேகப்படவில்லை. பட்டியல் மேடம் தப்புப் பண்ண மாட்டார்கள். அப்படியானால் கருவிக்குக் கண் மங்கிவிட்டது. பழி முழுதும் அவர்மேல் விழுந்தது.

திங்கட்கிழமை காகிதக் கட்டு ஒன்றை எடுத்துவர நானும் அவளோடு போனேன். கருவி அறை வழியாகத்தான் அவள் அறைக்குப் போக வேண்டும். கருவிக்காரர் திறந்த பெட்டிக்குமுன் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, கையில் வெள்ளைக் கையுறை, மடியில் உள்ளங்கை அகலக் கண்ணாடி.

"மறுபடியுமா சார்?" என்றாள் அக்கா.

"பதினாறாவது தடவைம்மா. தலைவர் இன்னொரு தடவை துடைக்கச் சொன்னாரு. இனிமே துடைச்சா கண்ணாடிக்குப் பதிலா என் கைதான் தேயும்." என்னைப் பார்த்தார். "இது யாரு, தங்கச்சியா? பாருங்க, உங்க அக்கா ஒரு கோடு போட்டா, அது கோடு. அது தெரியலன்னா என் கண்ணு கோளாறு."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அறைக்குப் போனதும், "அவர் எல்லாத்தையும் சரியாத்தான் பண்றாரு. நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்" என்றாள். "என் கணக்கும் சரி. ரெண்டும் எப்படிச் சரியா இருக்க முடியும்? எட்டு மாசமா ராத்திரி தூக்கமில்லடி எனக்கு."

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே அயனியை இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு கணினி நிரல்களில் கணக்கிடுவார்கள். முடிகிறவரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. முடிந்தபின் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் எண்களை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் தன் தாளில் குறி போட்டுக்கொண்டே வருவார். அக்காவுக்கு அப்படி ஒரு கூட்டாளி இருந்தார். மூன்று வருடம் முன்பு அவருடைய பணியிடத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு கணக்கையும் அவளே போட்டாள். படிக்க ஆள் இல்லாததால் கண்ணாலேயே ஒப்பிட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கட்டைப் பிரித்தாள். "நீ படி. உனக்கு ஒண்ணும் புரிய வேண்டாம். புரியாம படிக்கிறதுதான் நல்லது, இஷ்டத்துக்குத் திருத்த மாட்டே."

அணுவுக்குள் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய நிலைகள், அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிகள் மாதிரி ஒன்றுக்குமேல் ஒன்றாக இருக்குமாம். கீழிருந்து மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று நிரல் எண் போடும். ஒவ்வொரு நிலையும் இரண்டு, மூன்று வகைகளின் கலவை; எந்த வகை எத்தனை சதவீதம் என்றும் தாளில் இருக்கும். என் கையில் இருந்தது ஒரு நிரலில் அதிக நிலைகளைச் சேர்த்துத் துல்லியமாகப் போட்ட பெரிய கணக்கு. அவள் கையில் இருந்தது இன்னொரு நிரலில் அதற்குமுன் போட்ட சின்னக் கணக்கு.

"இருபத்திரெண்டு. முதல் வகை எண்பத்தொண்ணு, ரெண்டாவது பன்னெண்டு."

"ம்."

"இருபத்திமூணு. முதல் வகை முப்பத்தொம்பது, ரெண்டாவது ஐம்பத்தெட்டு."

பென்சில் நின்றது. "திருப்பிப் படிச்சிட்டே. முதல் வகைதான் ஐம்பத்தெட்டு."

"இல்லக்கா. இங்க அப்படித்தான் போட்டிருக்கு."

"அடுத்தது படி."

"இருபத்திநாலு. முதல் வகை ஐம்பத்தெட்டு, ரெண்டாவது முப்பத்தெட்டு."

அவள் என் கையிலிருந்து தாளை வாங்கவில்லை. எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தான் அறையிலிருந்து வந்து, "தண்ணி தொட்டியே காலியாயிடும் போல. என்ன ஆச்சு?" என்றார். நான் தாளைக் காட்டினேன்.

அவள் முகம் துடைக்காமல் வந்து உட்கார்ந்தாள். "அந்த ரெண்டு நிலையும் மயிரிழை வித்தியாசத்துல இருக்கு. சின்னக் கணக்குல இது கீழ, அது மேல. பெரிய கணக்குல அது கீழ வந்துடுச்சு, இது மேல போயிடுச்சு. நம்பர் மட்டும் அதே நம்பர். மத்த எல்லாச் சோதனையிலும் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், கண்டுபிடிக்கவே முடியாது." நிறுத்தினாள். "எலக்ட்ரான் எவ்வளவு வேகமாக் கீழ விழும்ங்கிறதைப் பெரிய கணக்குல இருந்து எடுத்தேன். எத்தனை தடவை மேல ஏறும்ங்கிறதைச் சின்னக் கணக்குல இருந்து எடுத்தேன். அதைப் பெருசுல போட்டா ரெண்டு வருஷம் ஆகும். ரெண்டையும் நம்பரை வெச்சுச் சேர்த்தேன்."

அத்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அதாவது நாலாவது மாடி பட்டன் வயரும் அஞ்சாவது மாடி பட்டன் வயரும் இடம் மாறிடுச்சு."

"ஆமா."

"லிஃப்ட் நல்லாத்தான் ஓடும். ஆளுதான் தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவான்."

"எட்டு மாசமா தட்டிட்டிருக்காரு" என்றாள் அக்கா. அப்புறம் மேசைமேல் கவிழ்ந்துவிட்டாள். அழவில்லை. நெற்றியை மரத்தில் அழுத்திக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

இரண்டு வரிசைகளை மாற்றிப்போட்டுத் திரும்ப ஓட்ட நாற்பது நிமிடம்தான் ஆனது. புதன்கிழமை காலை அவள் அறையில் நானும் இருந்தேன். கோட்டின் பிரகாசம் ஆறில் ஒரு பங்காக இறங்கியது. கருவிக்காரர் எட்டு மாதம் முன்பு முதல்முறை அளந்த எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நூற்றுக்கு ஏழுதான் வித்தியாசம். இந்தத் தொழிலில் அது கண்ணீர் வரவழைக்கிற பொருத்தம். அவர் பார்த்த மங்கல் உண்மையான மங்கல். உள்ளே இருக்கும் டங்ஸ்டன், மங்கிய கோட்டை வைத்து எல்லோரும் நினைத்ததைப் போல ஆறு மடங்கு. பிளாஸ்மா அணையாமல் என்ன செய்யும்?

இடம் மாறிய மற்ற நிலையிலிருந்து வரும் கோடு பட்டியலில் சொன்னதைவிடப் பளிச்சென்று இருந்திருக்கும். ஆனால் அது அவர் கருவியின் பார்வைக்கு எட்டாத இடத்தில் விழுந்தது. அது மட்டும் எட்டியிருந்தால் முதல் வாரமே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பிரிவுத் தலைவர் அக்காவைவிட நான்கு வயது சின்னவர். அக்கா அன்றே போய்ச் சொன்னதை முழுதும் கேட்டார். கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மேடம், வெள்ளிக்கிழமை அந்தக் குழு முன்னால உங்க பட்டியலைக் காட்டித்தான் இந்தப் பிரிவையே நான் காப்பாத்தப் போறேன். திருத்தத்தைத் திங்கக்கிழமை வெளியிடுங்க. நான் வேண்டாம்னு சொல்லல. அஞ்சு நாள் கழிச்சுன்னு சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை அவரோட கருவியைக் கழட்டச் சொல்லிடுவாங்க சார்."

"பழைய கருவி. எப்படியும் கழட்டணும்."

"அவரை?"

"ரெண்டு வருஷம் முன்னாடியே வீட்டுக்குப் போவாரு. அவ்வளவுதானே." கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "உங்களுக்கு இன்னும் ஒம்பது அயனி பாக்கி இருக்கு. அதை உங்களை விட்டா யார் போடுவாங்க, சொல்லுங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் விரலில் எதையோ எண்ணிக்கொண்டே வந்தாள். அந்த ஒன்பதைத்தான் என்று புரிந்தது. மாலையில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அஞ்சு நாள்தானே. பதினோரு வருஷத்துல அஞ்சு நாள். அப்புறம் அவருக்காக நானே போய்ப் பேசறேன்."

நானும் அத்தானும் ஆளுக்கொரு துணியை எடுத்து மடித்தோம்.

"ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள் அத்தானிடம்.

"என்னைக் கேக்காதே. நீ எதைப் பண்ணாலும் நான் பக்கத்துலதான் இருப்பேன். ஆனா நான் வயரை மாத்திப் போட்டேன்னா, ஃபோன் பண்ணி லிஃப்டை நிறுத்தச் சொல்லிட்டுத்தான் மத்தது யோசிப்பேன். இல்லன்னா யாராவது விழுவான்."

"இதுல யாரும் விழ மாட்டாங்க."

"ஒருத்தர் விழுந்துட்டாரே."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். அன்றிரவு எதுவும் முடிவாகவில்லை.

வியாழக்கிழமை காலை கருவி அறையில் மரப்பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. யாரும் முடிவு சொல்வதற்குமுன்பே கருவிக்காரர் பாகங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஆட்கள் வந்து கடப்பாரை போடுவதைவிட, தன் கையால் கழற்றிவிடலாம் என்று நினைத்தாராம். அவர் மனைவி ஓரம் தைத்துக் கொடுத்த துணிகள் அவை. ஒவ்வொன்றிலும் எண் தைத்திருந்தது.

"உன் பட்டியல் தப்பா இருக்க முடியாதும்மா" என்றார், அவள் எதுவும் கேட்காமலே. "நேத்து கண் டாக்டரைப் பார்த்துட்டு வந்தேன். என் கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்ப என்னன்னு தெரியல. எனக்குத்தான் புத்தி தேய்ஞ்சுபோச்சு போல."

"சார்" என்றாள் அக்கா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "தப்பு என்னோடது. இருபத்திமூணும் இருபத்திநாலும் இடம் மாறியிருக்கு. செவ்வாய்க்கிழமையே தெரியும். நீங்க முதல் நாள் பார்த்ததே சரி."

அவர் கையில் பாதி சுற்றிய பாகம் இருந்தது. அதை முழுதும் சுற்றி, முடிச்சுப் போட்டு, பெட்டியில் வைத்துவிட்டு அதே பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"எவ்வளவு வித்தியாசம்?"

"ஏழு சதவீதம்."

"ஏழா." தலையை ஆட்டினார். "பதினாறு தடவை துடைச்சேன்மா. பதினாறு தடவையும் நீ வந்து பக்கத்துல நின்னு பார்த்தே."

"ஆமா சார்."

"மன்னிப்பெல்லாம் கேக்காதே இப்ப. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாது. போய் எழுது. முதல்ல எழுது."

அவள் அறைக்குப் போய்ப் பதினொரு வரியில் கடிதம் எழுதினாள். எந்த அயனி, எந்த இரண்டு நிலைகள், தவறு எப்படி நேர்ந்தது, யாருடைய தவறு, யாருடைய அளவு சரியாக இருந்தது. பட்டியலைப் பயன்படுத்தும் நாற்பத்திரண்டு பேருக்கும், வெள்ளிக்கிழமை வரப்போகும் குழுவுக்கும், தலைவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கைகளைத் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை குழு இரண்டு மணிநேரம் உட்கார்ந்தது. கருவியைக் கழற்ற வேண்டாம் என்றது. கருவிக்காரர் இரண்டு வருடமும் இருக்கலாம் என்றது. அக்காவின் கடிதத்தை ஒருவர் நேர்மையான கடிதம் என்று பாராட்டினாராம். அந்தப் பாராட்டோடு ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டார்கள். பத்தொன்பது அயனிகளையும் இனி வெளியாள் ஒருவர் சரிபார்த்த பிறகுதான் நம்ப முடியும். அதுவரை மேலே கணக்கிட அவசியமில்லை. தலைவர் அவளைப் பார்க்க வரவில்லை. மாதக் கடைசியில் சாவியை ஒப்படைக்கச் சொல்லி ஒரு தாள் வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு கணக்கில் பரவாயில்லை என்பேன். அடுத்த செவ்வாய்க்கிழமை கருவிக்காரர் பெட்டிகளைப் பிரித்து எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தினார். கோடு முன்னைவிட மங்கலாக இருந்தது. அவர் அளந்து பார்த்தார், மறுபடியும் அளந்தார். பிறகு அந்தக் கண்ணாடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். மேலே பூசியிருந்த பொன்பூச்சு ஒரு பக்கம் தேய்ந்துபோயிருந்தது. பழுதில்லாத கண்ணாடியைப் பழுது என்று சொல்லிப் பதினாறு முறை துடைக்க வைத்ததில், கடைசியில் அது பழுதாகிவிட்டது. வேறு பூச்சுப் போட்டு வாங்க ஒரு வருடமாகும்.

இதை அவர் ஃபோனில் அக்காவிடம் சொன்னார். குரலில் குத்தல் இல்லை. "உன்கிட்ட சொல்லாம இருக்க முடியலம்மா. வேற யார்கிட்ட சொன்னாலும் புரியாது."

அவள் ஃபோனை வைத்துவிட்டு அத்தான் பக்கம் திரும்பினாள். "நான் தொடாத பொருளைக்கூட என் நம்பர் தேய்ச்சிடுச்சு."

சாவியைக் கொடுத்த நாளில் காகிதக் கட்டுகளையும், அவளுடைய நிரல்களை ஒரு சின்னப் பெட்டியிலும் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வீட்டுக் கணினியில் ஓர் அயனியைக் கணக்கிட நான்கு மாதம் ஆகும் என்று பார்த்துச் சொன்னாள். ஒன்பதுக்கு மூன்று வருடம். சொல்லிவிட்டு மின்விசிறி சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த அந்தப் பழைய கணினியைப் பார்த்தாள். யாரும் கேட்காத கணக்கு, யாரும் நம்பாத ஆள்.

மறுவாரம் ஒரு புதிய ஆய்வுக்கட்டுரை வந்தது. எங்கோ தூரத்தில் யாரோ எழுதியது. அதில் அவள் பழைய பட்டியல், இருபத்திமூன்றும் இருபத்திநான்கும் மாறியபடியே இருந்தது. கீழே அவள் பெயருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்த அதே முகம். இந்த முறை அழவில்லை.

அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. பத்து நாள் கழித்து இன்னொன்று எழுதினாள். பிறகு பத்தொன்பது அயனிகளின் கட்டுகளையும் அலமாரியிலிருந்து இறக்கி மேசைமேல் அடுக்கினாள். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். முதல் கட்டின் பெரிய கணக்கை என் பக்கம் தள்ளினாள்.

"உனக்கு எங்கயாவது போகணுமா?"

என் பை இன்னும் முழுதும் பிரிக்காமல் கதவோரம் கிடந்தது. "இப்போதைக்கு இல்ல."

"இன்னும் எத்தனை இடம் மாறியிருக்கோ தெரியல" என்றாள். பென்சிலை முடியிலிருந்து உருவினாள். "மெதுவாப் படி. ஒண்ணுல இருந்து."